மச்சான் கொடுத்த ரத்தம்

ரத்தம் எடுக்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, ஊசியை எப்படிப் பிடிப்பது, எந்தக் குழாய்க்கு எந்த நிற மூடி என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குத்தான் சுவர் முழுக்க சார்ட் ஒட்டி வைத்திருக்கிறார்களே. நான் சொல்ல வந்தது, ஓய்வு பெற ஐந்தே மாதம் இருந்தபோது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. முப்பது வருடத்துக்கு மேல் உத்திரமேரூர் வட்டாரத்துக் கைகளில் குத்திக் குத்தித் தேறினவள் நான். அத்தனை வருட அனுபவமும் அன்றைக்கு என் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நான் மகா கறார். ஆதார் அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறி இரண்டு தடவை பார்க்காமல் பஞ்சைக்கூட எடுக்க மாட்டேன். லேபில் என் முதுகுக்குப் பின்னால் 'செக்போஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் அதில் பெருமைதான்.

மானாம்பதி பக்கம் ஏழுமலை என்று ஒரு விவசாயி. ஐம்பது வயதிருக்கும். அவர் குடும்பத்தில் யாராவது ஒருவர் அவ்வப்போது வீங்குவார்கள். ஒரு நாள் உதடு, ஒரு நாள் வலது கை, ஒரு நாள் கண் இமை. இரண்டு மூன்று நாளில் தானாக வற்றிவிடும். அலர்ஜி ஊசி எத்தனை போட்டாலும் அது பாட்டுக்கு வீங்கி, அது பாட்டுக்கு வற்றும். கத்திரிக்காயை நிறுத்திப் பார்த்தார்கள், கருவாட்டை நிறுத்திப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டோடு பேச்சையே நிறுத்திப் பார்த்தார்கள். வீக்கம் மட்டும் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா, இப்படிப்பட்ட பரம்பரை வீக்கத்தை ஆராய்ச்சி செய்கிறவர், எங்கள் லேபைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அவர் எனக்கு விளக்கினதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். நம் ரத்தத்தில் சில புரதங்கள் கத்திரிக்கோல் மாதிரி மற்ற புரதங்களை வெட்டிக்கொண்டே இருக்கும். போதும் என்று பிடித்து நிறுத்த ஒரு தடுப்புப் புரதம் உண்டு. சி1 இன்ஹிபிட்டர் என்று பெயர். அதைச் செய்வதற்கான குறிப்பு ஒரு மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணு பழுதானால் தடுப்பு குறையும், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து சதைக்குள் இறங்கும். இறங்கின இடம் வீங்கும். கை வீங்கினால் தொந்தரவு, அவ்வளவுதான். தொண்டை வீங்கினால் மூச்சு அடைத்துவிடும். பல் பிடுங்கினால் தொண்டை வீங்குகிற ஆபத்து அதிகம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஏழுமலைக்கு ஒரே மகள். பெயர் கலைவாணி, இருபத்து நான்கு வயது, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அவளுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளியில் படிக்கும்போது இரண்டு தடவை அவள் கையும் வீங்கியிருக்கிறது. டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "முதலில் அப்பா ரத்தத்தைப் பார்ப்போம். மரபணு பழுது என்றால் பெண்ணுக்கும் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, அந்தத் தடுப்புப் புரதம் இருக்கிற பிளாஸ்மா ஏற்றின பிறகுதான் பல்லில் கை வைக்க வேண்டும். அதுவரைக்கும் யாரும் அந்தப் பல்லைத் தொடக்கூடாது." ஆக, அந்தப் பெண் வலி மாத்திரையோடும் கஞ்சியோடும் காத்திருந்தது அவள் அப்பாவின் ஒரு குழாய் ரத்தத்துக்காக. அதை எடுக்க வேண்டியவள் நான்.

மானாம்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டோம். வீக்கத்துக்கு இலவசப் பரிசோதனை என்று யாரோ மைக்கில் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. முள் குத்தி வீங்கின கால், குளவி கொட்டி வீங்கின காது, சண்டையில் வீங்கின மூக்கு என்று எல்லா வீக்கமும் வரிசையில் நின்றது. ஒரு அம்மா எருமையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். "இதுக்கும் தொண்ட வீங்கிக்கினு கீது. ஒரு ஊசி குத்தி எடும்மா" என்றார். எருமைக்கு ஆதார் இருக்கிறதா என்று நக்கலாகக் கேட்டேன். அந்த அம்மா சிரிக்கவே இல்லை. எருமையின் காதில் மாட்டியிருந்த மஞ்சள் வில்லையைத் திருப்பிக் காட்டி, "நம்பரு போட்டு கீது பாரு" என்றார்.

அந்தக் களேபரத்தில் ஏழுமலை என்று பெயர் கூப்பிட்டேன். பன் மாதிரி கன்னம் உப்பின ஒருவர் வந்து உட்கார்ந்தார். அட்டையை வாங்கினேன். படத்தில் பன் கன்னம், எதிரில் பன் கன்னம். இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் பொருந்தியது.

"நீங்கதானே ஏழுமலை?"

"ஆமா."

முழங்கை மடிப்பில் நரம்பு கயிறு மாதிரி எழும்பி நின்றது. அதன் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பழைய தீக்காயத் தழும்பு. இந்த மாதிரி நரம்பைப் பார்த்தால் நமக்கெல்லாம் ஒரு சந்தோஷம் வருமே, அது எனக்கும் வந்தது. ஒரே குத்தில் குழாய் நிறைந்தது.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. தடுப்புப் புரதம் வேண்டிய அளவு இருக்கிறது, மரபணுவில் ஒரு குறையும் இல்லை. டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். ஆனால் கண்ணுக்கு எதிரே ரிப்போர்ட் இருக்கும்போது அவர் என்ன செய்வார்? "சரி, அப்ப இது வேற ஏதோ அலர்ஜிதான். அந்தப் பொண்ணு பல்லைப் பிடுங்கிக்கட்டும்" என்றார். நான்தான் போன் போட்டுச் சொன்னேன். எடுத்தது கலைவாணி. "நார்மலா? அக்கா, நெஜமாவா? நாளன்னிக்கே போயி புடுங்கிக்கறேன்கா" என்று கத்தினாள். நல்ல சேதி சொன்ன திருப்தியில் நான் ஒரு டீ குடித்தேன்.

அவள் பல் பிடுங்கப்போவதாகச் சொன்ன அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு ஒட்டின கன்னத்தோடு ஒல்லியாக ஒரு மனிதர் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏழுமலை ரிப்போர்ட்டு குடுங்கம்மா."

"நீங்க யாரு?"

"ஏழுமலை."

அட்டையைக் கேட்டேன். நீட்டினார். படத்தில் பன் கன்னம். எதிரில் கன்னமே இல்லை.

"இது நீங்க இல்லையே."

"நாந்தாம்மா. இன்னிக்கி வீங்கல, அதான்."

ஜன்னலில் உட்கார்ந்து எத்தனையோ சாக்குக் கேட்டிருக்கிறேன். இது புதுசு. அவர் சலித்துக்கொண்டே விளக்கினார். அட்டைக்குப் படம் எடுத்த அன்றைக்கு விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றிருக்கிறார். நிற்க நிற்க முகம் வீங்கிவிட்டது. படம் எடுக்கிறவர் இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கிறார். "அவ்ளோ நேரம் நின்னுட்டு க்யூவ வுட்டுட்டு வருவாங்களா? புடிப்பா பாத்துக்கலாம்னுட்டேன். அதுலேர்ந்து ஒரே பேஜாரு. எங்க போனாலும் இது நீ இல்லன்றாங்க. மாத்தலாம்னு போனா, போற அன்னிக்கி இந்தப் பக்கம் வீங்குது. அதனால கைரேக வெக்கற எடத்துக்கு நான் போவேன். போட்டோ பாக்கற எடத்துக்கு மச்சான் போவாரு. என் மூஞ்சி அவுருக்குத்தான் கரெக்டா கீது."

நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகாமில் என் எதிரில் உட்கார்ந்த பன் கன்னம் ஞாபகம் வந்தது.

"அன்னைக்கு ஸ்கூல்ல ரத்தம் குடுத்தது யாரு?"

"மச்சான்தான். கரண்டு வந்துட்சிம்மா. அந்த நேரத்துல மோட்டாரு போடாட்டி நாத்து காஞ்சிடும். அதுவுமில்லாம ரத்தம் எடுக்கற அம்மா போட்டோவ உத்து உத்து பாக்கும்னு சொன்னாங்க. அதான் அவுர அனுப்பிச்சேன்."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கறாராக இருப்பேன் என்பதால்தான் ஆளை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

"ரத்தம் உங்களோடதுதானே வேணும்!"

"குடும்ப வியாதின்னு தான சொன்னாங்க? மச்சான் குடும்பந்தான?"

சட்டைக் கையை மடக்கச் சொன்னேன். நரம்பே கண்ணுக்குத் தெரியாத மெலிந்த கை. தழும்பும் இல்லை. மச்சான் என்பது அவர் மனைவியின் தம்பி தாமோதரன். ஏழுமலையின் வீக்கத்துக்கும் தாமோதரனின் ரத்தத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"கலைவாணி எங்க?"

"காஞ்சீரத்துல பல்லு புடுங்கப் போய்க்கீது. மச்சான்தான் வண்டில இட்டுக்கினு போனாரு."

அவரிடம் நம்பர் வாங்கித் தாமோதரனுக்குப் போன் போட்டேன். "அரமணி நேரம் ஆவுது மேடம் புடுங்கி. கொயந்த ஜம்முனு கீது. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துக்கினு கீறேன்" என்றார். அங்கேயே இருங்கள், தொண்டை வீங்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும் என்றேன். அவர் சிரித்தார். "வீக்கம் இன்னா இவுங்க வூட்டுக்குப் புச்சா மேடம்? ரெண்டு நாள்ல வத்திடும்." ஜன்னலுக்கு வெளியே ஏழுமலையும் அதையேதான் சொன்னார். எனக்கு அப்போது ஒன்று கேட்கத் தோன்றியது.

"உங்க அப்பாவுக்கும் வீங்குமா?"

"எங்க நைனாவுக்கா? அவுருக்குத்தான் ஜாஸ்தி."

"அவர் எப்படிப் போனார்?"

"தொண்டையில சோறு அடச்சிக்கிச்சின்னு சொல்வாங்க. பல்லு வலின்னு சோறே துன்னாம கெடந்தாரு. பல்ல புடுங்கிட்டு வந்தாரு. மறுநாளு..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். சோறே சாப்பிடாதவருக்குச் சோறு எப்படி அடைக்கும் என்று அத்தனை வருடம் கழித்து அப்போதுதான் அவருக்குத் தோன்றியது போலிருக்கிறது. இன்னும் கட் பண்ணாமல் நான் வைத்திருந்த போனை ஜன்னல் வழியாகவே பிடுங்கினார். "தாமு! அங்கியே நில்லு! நவுந்தா தெரியும் சேதி!" என்று அவர் போட்ட கூச்சலில் லேபில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "மேடம், ஏழுமலை சாம்பிள்ல ஒரு சின்ன சந்தேகம். திரும்ப எடுத்துப் பார்த்தா நல்லதுன்னு தோணுது" என்றேன். சின்ன சந்தேகமாம். ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கிறது, கெட்ட பெயர் இல்லாமல் போய்விட வேண்டும் என்கிற நினைப்பு என் நாக்கைப் பிடித்து இழுத்தது. டாக்டரம்மா ஏதோ கூட்டத்தில் இருந்தார். "சரிம்மா, அடுத்த வாரம் எடுத்து அனுப்புங்க" என்று போனை வைக்கப் போனார். அவர் மேல் என்ன தப்பு? சின்ன சந்தேகத்துக்கு அடுத்த வாரம் போதும்தானே.

ஏழுமலை எதிரில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், வைக்காதீங்க. நான் வேற ஆள் ரத்தத்தை எடுத்துட்டேன். அது ஏழுமலை ரத்தமே இல்ல. அவர் பொண்ணுக்குப் பல்லு பிடுங்கியாச்சு. அவர் அப்பா பல் பிடுங்கின மறுநாள் தொண்டை அடைச்சு செத்திருக்கார்."

 டாக்டரம்மா திட்டவில்லை, ஏன் எப்படி என்று கேட்கவில்லை. எந்த ஆஸ்பத்திரியில் பிளாஸ்மா இருக்கும், யாரிடம் பேச வேண்டும், பெண்ணை உடனே எங்கே கொண்டுபோக வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். பிள்ளைகளே, தப்பு நடந்தால் இந்த வரிசையை மட்டும் மறக்காதீர்கள். 'நான் தப்புப் பண்ணிவிட்டேன்' என்பது முதல் வாக்கியமாக வரட்டும். காரணம், சமாதானம், அழுகை எல்லாம் பின்னால் சாவகாசமாக வரலாம். நான் அதைத் திருப்பிப் போட்டேன். டாக்டரம்மா ஒரு விநாடி முன்னால் போனை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பெண்ணை அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி தாமோதரனிடம் சொல்லிவிட்டு, ஏழுமலையின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து காஞ்சிபுரம் போனேன். ஐம்பத்தொன்பது வயதில் நான் மொபெட்டில் போவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.  மாகறல் தாண்டினதும், "நான் மோட்டாரு போடப் போனேம்மா" என்றார். கொஞ்ச தூரம் போய் அதையே திரும்பச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கலைவாணி ஒரு பெஞ்சில் ஐஸ்கிரீம் கப்போடு ஜோராக உட்கார்ந்திருந்தாள். பணியில் இருந்த சின்ன டாக்டர் குழம்பிப்போய் நின்றிருந்தார்.

"என்ன கம்ப்ளெயின்ட்?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள் கலைவாணி.

"வீங்கப் போகுது சார்" என்றேன் நான்.

"எப்போ?"

"தெரியாது சார்."

இனிமேல் வரப்போகிற வியாதிக்குப் படுக்கை கேட்டு வந்த முதல் கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும். வீங்கினால் வாருங்கள் என்று அவர் எங்களை அனுப்பப் பார்த்தார். டாக்டரம்மாவைப் போனில் பிடித்து அவர் காதில் வைத்தேன். அதன் பிறகுதான் படுக்கை கிடைத்தது. படுக்கையில் உட்கார்ந்துகொண்டு கலைவாணி என்னைப் பார்த்து, "நார்மல்னு நீங்கதான சொன்னீங்க அக்கா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"தப்பா சொல்லிட்டேம்மா. உன் மாமா ரத்தம்தான் நார்மல்."

தாமோதரன் அந்த நேரத்திலும், "எனக்கு ஒண்ணுமே இல்லியாமே" என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். அந்தக் கன்னம்தானே எல்லாவற்றுக்கும் காரணம்.

நான்கு மணிக்கு உதடு தடித்தது. அரை மணியில் கன்னம். தாமோதரன் பார்த்துவிட்டு, "இப்ப இவளும் என்ன மாதிரி கீறா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சின்ன டாக்டர் அலர்ஜி ஊசியோடு ஓடி வந்தார். இதற்கு அது கேட்காது என்று அவரிடம் சொல்ல, டாக்டரம்மாவுக்கு மறுபடியும் போன். உறைய வைத்திருந்த பிளாஸ்மாப் பையை வெந்நீரில் போட்டு உருக்கிக்கொண்டிருந்தார்கள். அது உருகுவதற்கு நேரம் ஆகும், அவசரப்படுத்தவும் முடியாது. ஐந்து மணிக்குக் கலைவாணி "அக்கா" என்று கூப்பிட்டாள். அது அவள் குரலே இல்லை, குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.  அந்தப் பெண் செத்துப்போனால் அதை நான் செய்ததாகத்தான் அர்த்தம், வேறு யாரையும் கைகாட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஏழுமலை அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். தொண்டை டாக்டர் ஒருவர், மூச்சு அடைத்தால் செருகுகிற குழாயைக் கையில் வைத்துக்கொண்டு தலைமாட்டில் தயாராக நின்றார்.

இரண்டு பை ஏறியது. முதல் பை முடியும்வரை ஒரு மாற்றமும் தெரியவில்லை. இரண்டாவது பாதி இறங்கும்போது மூச்சு இழுக்கிற சத்தம் குறைந்தது. தொண்டை டாக்டர் கையிலிருந்த குழாயைத் தட்டில் வைத்தார். அந்தத் தட்டில் குழாய் விழுந்த சத்தம் மாதிரி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. வெளிச்சம் மங்குகிற நேரத்துக்குக் குரல் திரும்ப வந்தது. தெளிவாக அவள் சொன்ன முதல் வார்த்தை தாமோதரனைப் பார்த்துத்தான்: "மாமா, இனிமே உன் மூஞ்ச எங்கப்பாவுக்குக் குடுக்காத."

பிறகு எனக்கு மெமோ வந்தது. வர வேண்டியதுதான். நோயாளியின் அட்டையில் இருந்த படம் நோயாளியைவிட அவருடைய மச்சானுக்கு அதிகம் பொருந்தியதால் தவறு நேர்ந்தது என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி மச்சானுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவு யாது என்பதைத் தெளிவுபடுத்தவும்' என்று திருப்பி அனுப்பினார்கள். மச்சான் உறவு என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். சம்பள உயர்வை நிறுத்தினார்கள், அதுவும் சரிதான்.

நீங்கள் கேட்பீர்கள், நான் வேறென்ன செய்திருக்க முடியும் என்று. 'நீங்கதானே ஏழுமலை' என்று கேட்டேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன். அப்படிக் கேட்டால் நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்காகவே சொல்வார்கள். பெயரை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அதோடு விடாதீர்கள், கடைசியாக எப்போது வீங்கியது, எந்தப் பக்கம், எத்தனை நாள் என்று கேளுங்கள். தாமோதரனிடம் அதைக் கேட்டிருந்தால் முழித்திருப்பார். நான் அட்டையோடு பேசினேன், ஆளோடு பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து அப்பாவும் மகளும் மறுபடி ரத்தம் கொடுக்க வந்தார்கள். இந்தத் தடவை ஏழுமலை நிஜமாகவே ஏழுமலை. மோட்டாரைத் தாமோதரன் பார்த்துக்கொண்டார். கலைவாணிக்கு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் காகிதத்தில் வேண்டுமே. அப்பாவுக்கு எப்படியோ எடுத்துவிட்டேன். மகளுக்கு இன்னொரு பெண்ணை எடுக்கச் சொல்லிவிட்டு எழுந்தேன். கலைவாணி கையை இழுத்துக்கொண்டாள். "நீங்களே எடுங்க அக்கா" என்றாள்.

உட்கார்ந்தேன். நல்ல நரம்புதான், மேலேயே தெரிந்தது. முதல் குத்து தவறியது. இடம் மாற்றி இரண்டாவது குத்து, அதுவும் தவறியது. முப்பது வருடத்தில் இப்படி ஆனதில்லை. மன்னிச்சுக்கம்மா என்றேன், இந்த ஊசிக்கா, நார்மல் என்று சொன்ன அந்தப் போனுக்கா என்று எனக்கே தெரியாமல்.

"ஏங்கா நடுங்கறீங்க? ஊசி எனக்குத்தான?" என்று சொல்லிக்கொண்டே அவள் மற்றக் கையின் சட்டையை மடக்கி நீட்டினாள். மூன்றாவது குத்தில் குழாய்க்குள் ரத்தம் ஏறியது. "வந்துட்சி பாருங்க" என்றாள், எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி.